நடுங்காத கையெழுத்து

கல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி யார்டில் இல்லாத இரண்டு வேகன்களை நான் ரயில்வேக்கு எழுதிக் கொடுத்ததில்தான் என் நோய் வெளியே வந்தது.

என் வேலை நம்பர் எழுதுவது. சரக்கு ரயில் யார்டுக்குள் வந்து நின்றதும், அட்டையும் பென்சிலுமாக எஞ்சினிலிருந்து கார்டு வண்டி வரைக்கும் சரளைக் கல்லில் நடந்து, ஒவ்வொரு வேகனின் எண்ணையும் எழுதிக்கொண்டு வரவேண்டும். எந்தச் சரக்கு எங்கே நிற்கிறது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிவது அந்தத் தாளை வைத்துத்தான். எழுபதுகளின் நடுவில், துர்க்கா பூஜை முடிந்து ஊரே அசந்து கிடந்த ஒரு காலையில், ஒரு ரயிலுக்கு நாற்பத்திரண்டு எண்கள் எழுதிக் கொடுத்தேன். யார்டு மாஸ்டர் கோஷால் பாபு தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு தானே நடந்துபோய் எண்ணிவிட்டு வந்தார்.

“முத்தையா, நாற்பதுதான் நிற்குது. மிச்சம் ரெண்டு வேகனை எங்கே வெச்சிருக்கே? குவார்ட்டர்ஸ்லயா?”

“இன்னொரு தடவை பார்த்தா இருக்கும், சார்.”

“நீ இன்னொரு தடவை பார்த்தா நாற்பத்துநாலு ஆயிடும். கிட்ட வா. ஊது.”

ஊதினேன். மேஜைமேல் இருந்த காகிதம் அசையவில்லை. அவர் தலைதான் பின்னால் போயிற்று. அப்போது காலை ஒன்பது மணி.

பங்ளா என்று இங்கே ஒன்று உண்டு. லைசென்ஸ் கடையில் சட்டப்படி விற்கும் நாட்டுச் சாராயம். முதலில் நான் டூட்டி முடிந்துவிட்டதே என்று குடித்தேன். பிறகு டூட்டி முடியப் போகிறதே என்று குடித்தேன். கடைசியில் டூட்டி வரப்போகிறதே என்று குடித்தேன். இதற்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டால், ஏறுகிறவனுக்குப் படி தெரியும், உருளுகிறவனுக்குத் தெரியுமா?

கோஷால் பாபு கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே முடித்திருப்பார். ஒரு கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். என்னை வேலையை விட்டு நீக்க மேலிடத்துக்குப் பரிந்துரை. கீழே கையெழுத்தும் போட்டார். தேதி மட்டும் போடவில்லை. அதை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் வேலைக்குத் தகுதின்னு எழுதிக் கொடுத்தா திரும்பி வா. வந்த பிறகு ஒரே ஒரு நாள் சொல்லாம வரலைன்னாலும், ஒரே ஒரு நாள் வாடை அடிச்சாலும், நான் பேனாவை எடுத்துத் தேதி போட்டுடுவேன். வேற ஒண்ணும் எழுத வேண்டியதில்லை, பார்த்தியா? எனக்கும் சிரமம் கிடையாது.”

நாற்பது வயதில் வேலை போனால் எனக்குத் தெரிந்த வேறு தொழில் ஒன்றும் இல்லை. ஓடாமல் நிற்கிற வண்டியைப் பார்த்து எண் எழுதத் தெரிந்தவனுக்கு வெளியே யார் சம்பளம் கொடுப்பார்கள்?

*

ரயில்வே டாக்டர் சீட்டு எழுதி, அலிப்பூர் பக்கத்தில் இதற்கென்று தனி வார்டு உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். செண்பகமும் நானும் போனோம். செண்பகம் என் மனைவி. திருநெல்வேலி பக்கத்துக்காரி. அவளுடைய பெங்காலி மீன் விற்கும் மாசிகளிடம், அதாவது இந்த ஊர்ச் சித்திகளிடம், கற்றது. நேராக எலும்பைத் தேடிப் போகும்.

காத்திருக்கும் பெஞ்சில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். விசாரித்துப் பார்த்தால் ஒருவர்கூட நோயாளி இல்லை. எல்லாரும் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள், மாமாவுக்கு மருந்து கேட்க வந்தவர்கள். நான்கூட, “வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை” என்றுதான் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிடத்தான் யார் யாரென்று தெரிந்தது.

டாக்டர் பாக்சி ஒல்லியான மனிதர். “எவ்வளவு குடிப்பீங்க?” என்றார்.

“கொஞ்சம், சார்.”

“காலையில கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், ராத்திரி மிச்சம் எல்லாம்” என்றாள் செண்பகம்.

ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் கேட்டார்கள். விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார்கள். ரத்தத்தில் பார்த்தது ஈரல் வேலை செய்கிறதா என்று. வீங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் கெடவில்லை என்று வந்தது. டாக்டர் சொன்னார்: “ஈரல்ங்கிறது வீட்டுக்காரி மாதிரி. ரொம்ப வருஷம் வாயைத் திறக்காம தாங்கும். பேச ஆரம்பிச்சா யாராலும் நிறுத்த முடியாது.”

வெளியே வந்ததும் செண்பகம், “கெட்டிக்கார டாக்டருங்க” என்றாள்.

வார்டில் பத்து நாள். குடியை நிறுத்துவதுதான் கஷ்டம் என்று ஊரார் நினைக்கிறார்கள். நிறுத்திய பிறகு வருகிற மூன்று நாளை யாரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன். வருஷக்கணக்காகச் சாராயத்துக்குப் பழகிய உடம்பு, அது வராவிட்டால் வண்டி தடம் புரண்டதுபோல் ஆகிவிடும். கை நடுங்கும். வேர்க்கும். தூக்கம் வராது. சிலருக்கு வலிப்புகூட வரும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் வீட்டில் திடீரென்று நிறுத்தாதே, டாக்டர் கண் முன்னால் நிறுத்து என்கிறார்கள். எனக்கு எதிர்ச்சுவரில் சரக்கு ரயில் போயிற்று. காளி பூஜைக்கு வெளியே வெடிக்கிற பட்டாசெல்லாம் வேகன்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் என்று நினைத்து, படுக்கையில் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்தேனாம்.

அடுத்த கட்டிலில் ஹரிபத-தா; பெங்காலியில் அண்ணனைத் தா, தாதா என்பார்கள். ட்ராம் கண்டக்டர். பாட்டிலோடு பணியில் பிடிபட்டு வந்தவர். நான் எண்ணை வாசிக்க வாசிக்க அவர் ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்ததாக நர்ஸ் சொன்னாள். அந்த நிலையிலும் இருவருமே அரசாங்கக் கணக்கைச் சரியாக வைத்திருந்தோம்.

தெளிந்த பிறகு ஹரிபத-தா சொன்ன ஒரு வார்த்தையை நான் இன்றைக்கும் எல்லாருக்கும் சொல்வேன். “ட்ராம்ல ஏறினவன் டிக்கெட் எடுக்காமக்கூட இறங்கிடலாம், தாதா. போதையில ஏறினவன் இறங்கும்போது ரெண்டு டிக்கெட் எடுத்தாகணும். ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு வீட்டுக்காரிக்கு.”

செண்பகம் இரண்டாம் டிக்கெட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குக் காசு இல்லை. ஆனால் மருந்து சில வெளியே வாங்கவேண்டும். பால், முட்டை, பழம். ஆயா மாசிக்கு டீச்செலவு. லோக்கல் ரயில் ஹௌரா வரை, அப்புறம் பஸ். முழுச் சம்பள விடுப்பையெல்லாம் நான் ஏற்கெனவே தலைவலி, வயிற்றுவலி என்று குடித்துத் தீர்த்திருந்தேன். ஆகவே அரைச் சம்பள விடுப்பு. டிரான்சிஸ்டரை விற்றாள். கரியாஹாட்டில் நம் ஊர்ச் சாமான் விற்கும் அண்ணாச்சி கடைக்கு முறுக்கு சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், இரண்டு பங்காகச் சுற்றினாள். அதற்கு நடுவில் தினமும் ஒரு தெர்மாஸ் நிறைய மிளகு ரசம். வாடை வார்டு முழுவதும் போய், மூன்றாம் நாளிலிருந்து ஆளுக்கொரு தம்ளரோடு காத்திருந்தார்கள். ஹரிபத-தா முதல் மடக்கில் இருமி, கண்ணீர் விட்டு, செண்பகத்தை அண்ணியாக்கி, “பௌதி, இது பங்ளாவைவிட நல்லா ஏறுது” என்றார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து சொல்லாத செண்பகம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு நிபந்தனை வைத்தார். ஒன்று, வெள்ளை மாத்திரை. அது ஆசையைப் போக்காது. ஆனால் அதைச் சாப்பிட்டிருக்கும்போது ஒரு வாய் சாராயம் போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, செத்துப் பிழைக்கவேண்டும். வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி. செவ்வாய், வெள்ளி காலை ஆஸ்பத்திரிக்கே வந்து டாக்டர் முன்னால் விழுங்கவேண்டும். மற்ற நாட்களில் செண்பகம் முன்னால்.

“சம்பளம் யார் கையில வருது?” என்று கேட்டார் டாக்டர்.

“என் கையில, சார்.”

“அப்புறம்?”

“அப்புறம் யார் கையிலயும் இல்ல” என்றாள் செண்பகம்.

அதுதான் இரண்டாவது நிபந்தனை. ஆறு மாதம் சம்பளம் என் கையைத் தொடக்கூடாது. எனக்காக அவள் வாங்கிக்கொள்ள நான் ஒவ்வொரு மாதமும் அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுக்கவேண்டும்.

*

கோஷால் பாபு டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்து, எனக்கு நிரந்தரமாக இரண்டு மணி டூட்டி போட்டார். காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் இரண்டிலிருந்து இரவு பத்து வரை யார்டு. தினமும் இரண்டு மணிக்கு அவர் முன்னால் நின்று ஊதவேண்டும். பள்ளிக்கூடத்தில்கூட நான் இத்தனை ஒழுங்காக ஆஜர் கொடுத்ததில்லை.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. குவார்ட்டர்ஸில் பத்து நாளாக நான் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் செண்பகம் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தாள். நான் திரும்பி வந்தபோது இளைத்து, தாடி வளர்ந்து, யாரோடும் பேசாமல் வந்தேன். எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று, “என்ன செண்பகம், அண்ணன் இப்படி ஆயிட்டாரு?” என்று கேட்டாள். அது கார்த்திகை முதல் வாரம்.

“மாலை போட்டிருக்காங்க” என்றாள் செண்பகம்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. உள்ளே வந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். “நானா சொல்லலைங்க. வாய் சொல்லிட்டு.” சொன்ன பிறகு வேறு வழி? பெட்டிக்கு அடியில் கிடந்த துளசி மணி மாலையை எடுத்துக் கழுவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, என் கழுத்தில் போட்டாள். சபரிமலை இருக்கிற திசைகூட எங்களுக்கு அந்த வீட்டிலிருந்து நிச்சயமாகத் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த மாலை செய்த வேலையை வெள்ளை மாத்திரையும் செய்யவில்லை. டூட்டி முடிந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போகிற கூட்டாளிகள் இப்போது தள்ளி நின்று கும்பிட்டார்கள். “வாங்க சாமி”, “போங்க சாமி.” எனக்குக் கடன் வாங்கிக் குடிக்கக் கற்றுக் கொடுத்த அப்பாராவ், ஒரு நாள் வாடையோடு எதிரே வந்துவிட்டு, பதறி முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஓடினான். பத்து வருஷமாக நான்தான் அவனைப் பார்த்து ஓடியிருக்கவேண்டும்.

டாக்டர் பாக்சி என் கழுத்தைப் பார்த்து விவரம் கேட்டார். நாற்பத்தொரு நாள் குடி கிடையாது, மாமிசம் கிடையாது, வீண் பேச்சு கிடையாது, குளிர்ந்த நீரில் குளியல் என்று சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “ஒரு மாசத்துக்கு இதையெல்லாம் செய்ய வைக்க நான் படாதபாடு படுறேன். இந்த மாலை எங்கே கிடைக்கும்? ஒரு டஜன் வாங்க முடியுமா?”

இடையில் ஒரு நாள் எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. எனக்கு இருமல். பக்கத்து வீட்டு பௌதிக்கு ஹோமியோபதிதான் உயிர். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், டூட்டிக்குக் கிளம்பும்போது, நாக்கை நீட்டச் சொல்லி ஏதோ துளிகள் விட்டாள். ஐந்து நிமிஷத்தில் முகம் தக்காளியாகிவிட்டது. நெஞ்சு எஞ்சின் மாதிரி அடித்துக்கொண்டது. செண்பகம் ஓடிவந்து என் வாயை மோந்து பார்த்தாள். வாடை இருந்தது.

அவள் கத்தியிருந்தால் தேவலை. சும்மா கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“மாலை மேல சத்தியம், நான் தொடலைட்டி” என்றேன்.

“பொய் மாலை மேல என்ன சத்தியங்க?”

பௌதிதான் சீசாவைக் கொண்டுவந்து காட்டினாள். துளி மருந்து கலந்திருந்ததே ஸ்பிரிட்டில். அந்த இரண்டு சொட்டு எனக்குள் இருந்த காவல்காரனை எழுப்பிவிட்டுவிட்டது. செண்பகம் எழுந்து, வீட்டில் இருந்த இருமல் மருந்து, டானிக் எல்லாவற்றையும் பௌதியின் சீசாவோடு சேர்த்துக் கொல்லைப்புறச் சாக்கடையில் கொட்டினாள். பௌதி தன் சீசாவுக்காக அழுதாள். நான் கோஷால் பாபுவின் முன்னால் போய், ஊதுவதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னேன். அவர் இழுப்பறைச் சாவியைக் கையில் எடுத்து, வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “எனக்கும் மூட்டுவலிக்கு அதே ஹோமியோபதிதான்” என்று சாவியைப் பையில் போட்டார்.

*

சம்பள நாள் வந்தது. கேஷியர் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். வரிசை முழுவதும் ஆண்கள். நடுவில் முக்காடு போட்ட செண்பகம், என் அதிகாரக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு. நான் பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில், தண்டனை வாங்கினவன் மாதிரி.

“சாமி பணத்தைத் தொடக்கூடாதாம்ல” என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். உடனே நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் சொல்லாத விரதமெல்லாம் எங்கள் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

கேஷியர் கடிதத்தைப் பார்த்தார். சம்பளப் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். “இது முத்தையா கையெழுத்து இல்லை.”

“அவுக போட்டதுதாங்க. என் கண்ணு முன்னால போட்டாக.”

“பாருங்க அம்மா. இது நாலு வருஷமா அவர் போட்ட கையெழுத்து.” எட்டிப் பார்த்தேன். மழை பெய்து முடிந்த மறுநாள் மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது. “இது நீங்க கொண்டு வந்தது.” அழகாக, நேராக, பள்ளிக்கூட வாத்தியார் போட்டது மாதிரி இருந்தது. “இதைப் பார்த்து நான் எப்படிப் பணம் கொடுக்கிறது?”

என்னைக் கூப்பிட்டு எதிரில் போடச் சொன்னார். போட்டேன். அதுவும் நேராகவே வந்தது. “நடுக்கத்தோட போடுங்க, பாபு. ரெகார்டு அப்படித்தானே இருக்கு?” வேண்டுமென்றே கையை ஆட்டிப் பார்த்தேன். வருஷக்கணக்காக வேண்டாம் என்றாலும் நடுங்கிய கை, வேண்டும் என்றபோது நடுங்கமாட்டேன் என்றது. பின்னால் வரிசை, “சீக்கிரம் சாமி!” என்று கத்தியது. செண்பகம் குனிந்து, “கொஞ்சம் ஆட்டுங்களேன், வாடகை இல்லைன்னாலும் அரிசி வாங்கணும்லா” என்று கெஞ்சினாள்.

சத்தம் கேட்டுக் கோஷால் பாபு வந்தார். இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். “ஆள் அதே ஆள்தான்” என்றார். “ரெண்டு வேகன் மட்டும் குறைஞ்சிருக்கு.” சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கேஷியர் புதிய கையெழுத்தை ஒரு அட்டையில் வாங்கி ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் பென்சிலால் ‘தற்காலிகம்’ என்று எழுதினார்.

கேட்டில் ஆகா சாகிப் நின்றார். ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்து வட்டிக்குக் கொடுக்கிற ஆறடி மனிதர்; குடிக்க நானும் வாங்கியிருந்தேன். கையில் தடி. தடியை அவர் யார்மேலும் பிரயோகித்து நான் பார்த்ததில்லை. அவர் நிற்கிற விதமே போதும். “அசல் கேட்கலை. வட்டி மட்டும் கொடு” என்பதுதான் அவருடைய மந்திரம். அசல் அப்படியே இருந்தால்தானே அவருக்கு ஆயுசுக்கும் வருமானம்? என்னிடம் நேராக வந்தவரைச் செண்பகம் குறுக்கே போய் நிறுத்தினாள்.

“சாகிப், வட்டியைப் பூரா இவுக குடிச்சுத் தீர்த்துட்டாக. மிச்சம் இருக்கிறது அசல்தான். மாசம் பத்து ரூபாய் அசல்ல கழிச்சுக்கோங்க. இல்லைன்னா தடியை எடுத்து என்னை அடிங்க. முறுக்கு சுத்தறதுக்கு ஒரு கையை மட்டும் விட்டுடுங்க.”

ஆகா சாகிப் என் மாலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ அவரிடம் அசலைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். திகைத்துப்போய் வாங்கிக்கொண்டார்.

*

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். என் பொய்க்கு இரண்டு காலும், மலையேறுவதற்கு ஒரு கட்டும் இருந்தது. கரியாஹாட் அண்ணாச்சி வெறும் கடைக்காரர் இல்லை. பதினெட்டு முறை மலைக்குப் போன குருசாமி. வருஷா வருஷம் கல்கத்தாவிலிருந்து ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போவார். நான் மாலை போட்ட செய்தி அவர் காதுக்குப் போய், என்னைக் கேட்காமலே பட்டியலில் சேர்த்து, செண்பகத்தின் முறுக்குக் கணக்கிலிருந்து பயணச் செலவுக்கு முன்பணமும் பிடித்திருந்தார். கட்டு நிறைக்க நாள் குறித்தாகிவிட்டது. போகவர பதினைந்து நாள்.

எனக்கு ஒரு நாள் விடுப்புகூட இல்லை. போனால் இழுப்பறைக் கடிதத்தில் தேதி ஏறும். போகாமல் மாலையைக் கழற்றினால் சாமிக் குற்றம், நம் ஊர்க்காரர்கள் நடுவில் மானக்கேடு. செண்பகம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “நான் போட்ட முடிச்சு. நானே போய்ச் சொல்லுதேன்” என்றாள்.

“குடிச்சது நானு. நீ எதுக்குச் சொல்லணும்?” என்றேன். அந்த வாக்கியத்தை நான் குடிக்காமல் சொன்னேன் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரியாஹாட்டுக்குப் போனேன். அண்ணாச்சி பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். யார்டு, ஆஸ்பத்திரி, மாத்திரை, மாலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகம் ஹோமியோபதி குடித்த என் முகத்தைவிடச் சிவந்தது.

“சாமி பேரைச் சொல்லியா வே ஊரை ஏமாத்துனீரு?”

“ஆமா அண்ணாச்சி.”

“நான் உம்ம காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கேன் வே! போன சனிக்கிழமை!”

“ஆமா அண்ணாச்சி. கூச்சமாத்தான் இருந்துச்சு.”

ஒரு வாடிக்கையாளர் வந்து கால் கிலோ உளுந்து கேட்டார். அண்ணாச்சி நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, சில்லறை எண்ணிக் கொடுத்து, மறுபடியும் உட்கார்ந்தார். அதற்குள் கோபம் கொஞ்சம் தராசில் இறங்கியிருந்தது.

“எத்தனை நாளா போட்டிருக்கீரு?”

“இருபத்தாறு நாளு.”

“அந்த இருபத்தாறு நாளும் ஒரு சொட்டு தொடலை?”

“ஹோமியோபதி ரெண்டு சொட்டு.”

“அது கணக்குல இல்ல. பச்சைத் தண்ணியில குளிச்சீரா? மாமிசம்?”

“எல்லாம் ஒழுங்காத்தான் இருந்தேன் அண்ணாச்சி. பொய்யுன்னு வெளியே தெரிஞ்சுடப்படாதே.”

அண்ணாச்சி மேலே பார்த்தார். “பொய்யா ஒருத்தன் இவ்வளவு ஒழுங்கா விரதம் இருந்து நான் பார்த்ததில்ல. நெசமாப் போட்டவனுவ பாதிப் பேரு ரயில்ல சிகரெட் பிடிக்கானுவ.” பிறகு தீர்ப்புச் சொன்னார். “கேளும். மாலையை மலையிலதான் கழட்டணும். உமக்கு லீவு இல்ல. அதனால கழட்டப்படாது. என்னைக்கு லீவு கிடைக்கோ அன்னைக்கு மலைக்கு வந்து கழட்டும். அதுவரைக்கும் போட்டுக்கிட்டுக் கிடயும்.”

“எத்தனை மாசம் அண்ணாச்சி?”

“அதை ஐயப்பன்கிட்டயும் யார்டு மாஸ்டர்கிட்டயும் கேளும்.”

முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். கை நீட்டினேன். “உம்ம கையில பணமாத் தரமாட்டேன். உம்ம வீட்டு அம்மாவுக்கு உளுந்தாவும் அரிசி மாவாவும் தாரேன்.” ஒரு மூட்டை கொடுத்தார். அதை ஹௌரா வரை தலையில் சுமந்ததுதான் நான் கட்டிய முதல் இருமுடி.

*

அந்த மாலை என் கழுத்தில் பதினான்கு மாதம் இருந்தது. சில விதிகளுக்கு அண்ணாச்சி விலக்குக் கொடுத்தார். எவை என்று எழுத வேண்டாம் என்று செண்பகம் சொல்லிவிட்டாள். அத்தனை செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தினார்கள். எனக்கு ஆசை அற்றுப்போயிற்று என்று எழுதினால் பொய். அந்தக் கடையைத் தாண்டும்போது இன்றைக்கும் என் கால் ஒரு கணம் யோசிக்கும். காலுக்கு மாலை போட முடியாதே.

ஏழெட்டு மாதத்திலேயே கொஞ்சம் விடுப்பு சேர்ந்தது. கோஷால் பாபுவிடம் கேட்டேன். இல்லை என்றார். மறுபடி கேட்டேன். வண்டி அதிகம், ஆள் பற்றாக்குறை என்றார். அடுத்த கார்த்திகை வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி ஒரு பொட்டலம் முறுக்கோடு சாந்த்ராகாச்சிக்கு வந்து, “ஒரு வருஷத்துக்கு லீவு கொடுக்காதீங்க பாபு” என்று கேட்டுக்கொண்டு போனதை, மலைக்கு ரயிலில் போகும்போதுதான் அவரே ஒப்புக்கொண்டார். முறுக்கு யார் சுற்றியது என்று நான் கேட்கவில்லை.

மலையில் மாலையைக் கழற்றியபோது கழுத்து காற்றுப் பட்டுக் கூசியது. பயமாக இருந்தது.

திரும்பி வந்த முதல் சம்பள நாள். டாக்டர் சொன்ன ஆறு மாதம் தாண்டியும் தானே வாங்கிக்கொண்டிருந்த செண்பகம் அன்றைக்கு வரவில்லை. “நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க” என்று மாவில் கை வைத்தபடியே சொன்னாள். வரிசையில் நின்றேன். கேஷியர் என் கையெழுத்தையும் அட்டையையும் ஒத்துப் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்து ‘தற்காலிகம்’ என்பதை அழித்து, துகளை ஊதிவிட்டார். கோஷால் பாபு அந்த மாதமே மாற்றலாகிப் போனார். போகும்போது பொறுப்பு ஒப்படைக்கிற பட்டியலில், ஒரு பீரோ, இரண்டு கை விளக்கு, முத்தையாவை நீக்கும் கடிதம் ஒன்று, தேதி இல்லாமல் என்று எழுதி அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டதாகக் கேள்வி.

பணத்தைச் சட்டைப் பைக்குள் வைத்து மேலே கையைப் பொத்திக்கொண்டு நடந்தேன். கடையைத் தாண்டினேன். ஆகா சாகிப்புக்குப் பத்து ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், என்னை நம்பிவிட்டாளே என்ற நினைப்பில் பணத்தை அவள் முன்னால் வைத்தேன்.

செண்பகம் அதைத் தொடக்கூட இல்லை. அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அடுத்த மாதத்துக்கான அதிகாரக் கடிதம்.

“இன்னிக்கு நானே ஒழுங்கா வாங்கிட்டு வந்தேனே, செண்பகம்?”

“இன்னிக்கு முறுக்கு ஆர்டர் இருந்துச்சுங்க. அடுத்த மாசம் நான் சும்மாத்தான் இருக்கேன். போடுங்க.”

போட்டேன். கோட்டுக்கு மேலே, நேராக வந்தது.